உவர்மலை றங்குப்பெட்டி மகசினும் மச்சானின் பிஸ்டலும்: எது எதற்குப் பொருந்தும்?

தம்பி கேட்டது இதுதான். திருகோணமலை உவர்மலையில் அம்மப்பாவின் பழைய வீட்டை இடிக்கும்போது பரணில் கிடந்த றங்குப்பெட்டிக்குள் ஒரு வெறும் மகசின், அதாவது பிஸ்டலின் கைப்பிடிக்குள் செருகுகிற ரவைக்கூடு, அகப்பட்டிருக்கிறது. அடித்தட்டில் தேய்ந்த எழுத்தில் "கால். 32" என்றும் அதன் கீழே "கோல்ட்" என்றும் இருக்கிறது. ஸ்காபரோவில் இருக்கிற மச்சானிடம் பல வருடங்களுக்கு முன் உரிமத்தோடு வாங்கிய ஸ்பெயின் நாட்டு ஸ்டார் மொடல் பி பிஸ்டல் ஒன்று உண்டு. அதன் மகசின் தொலைந்துவிட்டது. ஸ்டார் பார்ப்பதற்குக் கோல்ட் மாதிரியே இருக்கிறதே, இது அதற்குப் பொருந்துமா? பொருந்தினால் அனுப்பலாமா? பொருந்தாவிட்டால், உற்பத்தி நின்றுபோன இப்படியான பிஸ்டல்களுக்கு மகசினை எப்படி அடையாளம் கண்டு, எங்கே தேடுவது?

பொருந்தாது. அனுப்பவும் கூடாது. மூன்றாவது கேள்விக்குத்தான் நீண்ட பதில் வேண்டும்.

நான் திருமலையில் பிறந்து வளர்ந்து, வாழ்க்கையில் பாதியைச் சுவிஸில் லேத் மெஷினுக்கு முன்னால் கழித்துவிட்டுத் திரும்பி வந்தவன். அங்கே சனிக்கிழமைகளில் துப்பாக்கி திருத்துகிற ஒருவரின் பட்டறையில் கைவேலை செய்தேன். சேகரிப்பாளர்கள் கொண்டுவரும் பழைய பிஸ்டல்களில் அரைவாசிக்கு ஒரே குறைதான்: மகசின் இல்லை, அல்லது இருப்பது வேறு ஒன்றினுடையது. அதனால் இந்த விடயத்தில் கொஞ்சம் அடிபட்டவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் றங்குப்பெட்டி. 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை இந்த ஊர் துறைமுகத்தை நம்பி இருந்த ஊர். பழைய வீடுகளின் பரணில் பித்தளைப் பட்டன், தொப்பிச் சின்னம், வெறும் ரவைக்கோது என்று ஏதாவது கிடைப்பது புதினம் இல்லை. ஆனால் மகசின் பித்தளைப் பட்டன் இல்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாத வீட்டில் துப்பாக்கியின் பாகம் ஒன்று இருந்தால், "அம்மப்பாவுடையது, ஞாபகத்துக்கு வைத்திருக்கிறேன்" என்ற விளக்கம் சோதனைச் சாவடியில் எடுபடாது. எங்கள் ஊரில் இதை நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு தலைமையகப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்து, முறைப்பாட்டுப் புத்தகத்தில் பதிந்த இலக்கத்தைக் குறித்து வாங்குங்கள். அதற்கு முன்னால் றங்குப்பெட்டியை இன்னும் கிளற வேண்டாம். அடியில் ரவையோ, என்னவென்று தெரியாத உருளையோ இருந்தால் கையால் தொடாமல் 119க்கு அழையுங்கள். எண்பது வருடப் பழைய வெடிமருந்துக்கு வயது போனதால் சாது ஆகிவிடும் குணம் கிடையாது.

தபாலிலோ, ஊருக்கு வந்து போகிறவரின் பயணப்பெட்டியிலோ அனுப்பும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். கட்டுநாயக்காவில் ஸ்கானரில் அது அப்படியே மகசினாகத்தான் தெரியும்.

சரி, அது என்ன மகசின்? எழுத்து நீங்கள் சொன்னபடியே இருந்தால், கோல்ட் நிறுவனத்தின் 1903 பொக்கெட் மொடலுக்கு உரியது. ஜோன் பிரவுனிங் வடிவமைத்தது, 1945 வரை செய்தார்கள், .32 ரவை எட்டு கொள்ளும். அதன் இரட்டைப் பிள்ளையான 1908 மொடல் .380 ரவைக்கானது; மகசினில் ஏழுதான், அடித்தட்டில் 380 என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வெளியே ஒரே ஆள் போலத் தெரியும். இப்படித் தனக்குள்ளேயே குழப்பம் உள்ள குடும்பம் அது. ஸ்டார் மொடல் பி கோல்ட் மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொன்னது கோல்ட் 1911ஐ, அதாவது .45 பெரிய பிஸ்டலை. அந்தச் சாயல் உண்மைதான். ஆனால் உங்கள் கையில் இருப்பது சட்டைப் பைக்குள் போகிற சின்னக் கோல்ட்டின் மகசின். பெயர் ஒன்று, ஆள் வேறு.

நான் சொல்ல வருகிற முக்கியமான சங்கதி இதற்குள்தான் இருக்கிறது. மகசின் தேடுகிறவர்கள் பெயரில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது ஓட்டையில். மகசினைப் பிடித்து நிறுத்துகிற கொளுக்கி எங்கே இருக்கிறது, அது விழுகிற பள்ளம் மகசினில் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய ஐரோப்பியப் பிஸ்டல்களில் பெரும்பாலும் கொளுக்கி கைப்பிடியின் அடியில், குதிக்காலில் இருக்கும். அதனால் மகசினின் பின்பக்க அடிவிளிம்பில் அது பற்றுவதற்கு இடம் விட்டிருப்பார்கள். கோல்ட் 1903உம் அப்படித்தான். கோல்ட் 1911, ஸ்டார் பி, ஜேர்மன் லூகர் போன்றவற்றில் விசைக்குப் பின்னால் பக்கத்தில் ஒரு பொத்தான். மகசினின் பக்கச் சுவரில் அதற்கு ஓட்டையோ வெட்டோ இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்தாலே உங்கள் மகசின் மச்சானின் பிஸ்டலில் நிற்காது என்று அளவுகோல் எடுக்காமலே சொல்லலாம்.

பெயரை நம்பி நானே காசு கொட்டியிருக்கிறேன். சூரிச் பக்கத்தில் ஒரு பழைய சாமான் சந்தையில், வாடிக்கையாளர் ஒருவரின் பெல்ஜியத்து எஃப்என் 1910 பிஸ்டலுக்காக, "பிரவுனிங் 7.65" என்று துண்டு ஒட்டியிருந்த மகசினை வாங்கினேன். வியாபாரி சத்தியம் பண்ணாத குறை. பட்டறைக்கு வந்து பொருத்தினால் சத்தமில்லாமல் உள்ளே போகிறது, ஆனால் கைப்பிடிக்குக் கீழே விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது, கொளுக்கி எட்டவில்லை. அது 1922 மொடலுக்கானது. 1910ஐ எடுத்துக் குழலையும் கைப்பிடியையும் நீட்டிச் செய்ததுதான் 1922. முன்னையதில் 7.65 ரவை ஏழு, பின்னையதில் ஒன்பது. வியாபாரி சொன்னது பொய் இல்லை. அதுவும் பிரவுனிங்தான், அதுவும் 7.65தான். எஃப்என் தொழிற்சாலை பிரவுனிங்கின் வடிவத்தில் 7.65இல் 1900, 1910, 1922 என்று மூன்று பிஸ்டல் செய்திருந்தது. நான் கேட்காமல் விட்டது "எந்த மொடல்?" என்பதைத்தான். அந்த மகசின் இன்னும் என் மேசையில் இருக்கும் என்று நினைக்காதீர்கள், அங்கேயே வேறொருவருக்கு விற்றுவிட்டேன். இந்தத் தடவை சரியான துண்டு ஒட்டி.

ரவையின் அளவைச் சொல்வதிலும் இதே தொல்லை. யாராவது "9 மி.மீ. மகசின்" என்று மட்டும் சொன்னால் நான் மறுபடி கேட்பேன்: எந்த 9? குறுகிய 9, அதாவது அமெரிக்கர் .380 என்று சொல்வது, கோதின் நீளம் 17 மி.மீ. மக்கரோவ் 18. உலகம் முழுக்க ஓடுகிற பரபெல்லம் 19. பிரவுனிங் லோங் 20. ஸ்பெயின்காரரின் லார்கோ 23. பழைய மௌசர் ஏற்றுமதி ரவை 25. எல்லாவற்றையும் "9" என்றுதான் சொல்வார்கள். கோதின் நீளம் மாறினால் மகசினின் முன்பின் அகலம் மாறும், உதட்டின், அதாவது ரவையை மேலே பிடித்து நிறுத்துகிற வளைந்த விளிம்பின், வடிவமும் மாறும். இது மச்சானுக்கு நேரே பொருந்துகிற விடயம், ஏனென்றால் ஸ்டார் மொடல் ஏ என்பதும் மொடல் பி என்பதும் வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி மாதிரி. ஏ லார்கோவுக்கு, பி பரபெல்லத்துக்கு. விற்பனைப் படத்தில் இரண்டையும் பிரித்தறிய எனக்கே கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும். மகசின் வாங்குவதற்கு முன் உரிமம் பெற்ற துப்பாக்கித் திருத்துநர் ஒருவரிடம் குழலின் அறையை, அதாவது ரவை போய் உட்காருகிற இடத்தை, பார்த்து உறுதிப்படுத்துவது நல்லது.

இதற்கு எதிர்மாறான வேடிக்கையும் உண்டு. லூகர் பிஸ்டலை 1900இல் முதலில் இராணுவத்துக்கு எடுத்தவர்கள் சுவிஸ்காரர்; அது 7.65 பரபெல்லம். பிறகு அந்தக் கோதின் ஒடுங்கிய கழுத்தை எடுத்துவிட்டு நேராக்கித்தான் 9 மி.மீ. பரபெல்லம் பிறந்தது. அடிப்பகுதி மாறவில்லை, மொத்த நீளமும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் லூகரில் இரண்டு ரவைக்கும் மகசின் ஒன்றே. எண் வேறாக இருந்தால் மகசினும் வேறு என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம். எண் ஒன்றாக இருந்தால் மகசினும் ஒன்று என்று நினைப்பவர்களுக்கு மேலே சொன்னது.

அளவு எடுப்பதற்கு வருவோம். உயர்தர வகுப்பில் பௌதிகம் செய்தவர்களுக்கு வேணியர் இடுக்கிமானி நினைவிருக்கும், அதுதான் ஆயுதம். மகசின் இல்லாத பிஸ்டலில் அளக்க வேண்டியது மகசின் போகிற குழி: உள்ளே இடதுவலது அகலம், முன்பின் அகலம், கைப்பிடியின் அடியிலிருந்து கொளுக்கி வரைக்கும் உள்ள தூரம், கொளுக்கியிலிருந்து மேலே பிஸ்டலின் சட்டத்தின் (அதன் உடற்பகுதியின்) விளிம்பு வரைக்கும் உள்ள தூரம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் மறந்துவிடுவார்கள். மகசின் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அது தீர்மானிக்கிறது. அரை மில்லிமீற்றர் கீழே நின்றால், பிஸ்டலின் மேலே முன்பின் ஓடுகிற சிலைட், ரவையின் பின்விளிம்பைப் பிடிக்காமல் தாண்டிப் போகும், மேலே நின்றால் மகசினின் உதட்டிலேயே உரசும். பிஸ்டல் வெறுமையாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்த பிறகுதான் அளவெடுப்பு. மகசின் இல்லை என்பதால் குழலுக்குள் ரவை இல்லை என்று ஆகாது. நான் பட்டறையில் கண்ட மிகப் பெரிய தவறான நம்பிக்கை அது.

கையில் ஒரு தெரியாத மகசின் இருந்தால் பக்கத்து ஓட்டைகளை எண்ணலாம், எத்தனை ரவை என்பதற்குக் குறிப்புக் கிடைக்கும், ஆனால் எல்லா உற்பத்தியாளரும் ரவைக்கு ஒரு ஓட்டை என்ற கணக்கில் போடவில்லை. அடித்தட்டைப் பாருங்கள். அது மரமா, அலுமினியமா, தகடா? பற்றவைத்ததா, கழற்றக்கூடியதா? லூகரில் மர அடி பழையது, அலுமினியம் பிந்தியது, பேக்கலைட்டும் உண்டு. ஜேர்மன் போர்க்கால மகசின்களில் நிறுவனத்தின் பெயரை மறைத்துக் குறியெழுத்துப் போட்டார்கள். "எஃப் எக்ஸ் ஓ" என்றால் சூல் நகரத்து ஹேனல். லூகரோடு இரண்டு மகசின் கொடுத்து இரண்டிலும் பிஸ்டலின் இலக்கத்தைப் பொறித்து, இரண்டாவதில் ஒரு கூட்டல் அடையாளம் போடுவார்கள். இலக்கம் பொருந்திய மகசின் என்றால் விலை பல மடங்கு, ஆகவே வெறும் அடியில் புதிதாக இலக்கம் குத்துகிற கைங்கரியமும் தாராளமாக நடக்கிறது. பழைய தேய்வின் மேல் கூர்மையான புது எழுத்து இருந்தால் அது நேற்றைய வேலை.

எழுத்தின் அருமையை எனக்கு உணர்த்தியது ரூபி பிஸ்டல். முதலாம் உலகப் போரில் பிரெஞ்சு இராணுவத்துக்கு அவசரமாகப் பிஸ்டல் தேவைப்பட்டது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் கபிலோண்டோ நிறுவனம் 1915இல் ஒப்பந்தம் எடுத்து, தனியே செய்து முடிக்க முடியாமல் எய்பார், சுற்றியுள்ள ஊர்ப் பட்டறைகளுக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்தது. வடிவம் ஒன்று, அரம் போட்ட கை வேறு. விளைவு, ஒரு பட்டறையின் மகசின் இன்னொரு பட்டறையின் ரூபிக்குள் போகாது, அல்லது போய் வராது. போர்முனையில் இது உயிர் விடயம். பிறகு பிரெஞ்சுக்காரர் பிஸ்டலின் சட்டத்திலும் மகசினின் அடியிலும் பட்டறைக்குரிய ஒரே குறியெழுத்தைக் குத்தி, எழுத்தும் எழுத்தும் ஒத்தால்தான் ஜோடி என்று ஆக்கினார்கள். இன்றைக்கு யாராவது "ரூபி மகசின் வேண்டும்" என்று கேட்டால் பதில் "எந்த எழுத்து?" என்பதுதான். எழுத்து அழிந்திருந்தால் பத்து மகசின் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

நம் துறைமுகத்தோடு ஒட்டிய ஒரு மகசினைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிரித்தானியக் கடற்படை 1912இல் வெப்லி நிறுவனத்தின் .455 தானியங்கிப் பிஸ்டலை எடுத்தது. ஏழு ரவை மகசின். அதில் கொளுக்கிக்கு இரண்டு பள்ளம். மகசினை முழுக்கத் தள்ளாமல் கீழ் நிலையில் நிறுத்தினால், உள்ளே இருக்கிற ஏழையும் சேமிப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ரவையாகக் கையால் போட்டுச் சுடலாம். அவசரம் வந்தால் ஒரு தட்டுத் தட்டி மேல் நிலைக்கு ஏற்றலாம். ரவையைச் சிக்கனப்படுத்துகிற கடற்படைக் கணக்கப்பிள்ளையின் மூளை. இரண்டு பள்ளம் உள்ள தடித்த மகசின் ஒன்றைக் கண்டால் யாரோ தவறாக வெட்டியது என்று நினைத்து எறிந்துவிடக் கூடாது.

இனி, பிஸ்டலின் உடம்பில் இருக்கிற எல்லாப் பெயரும் உற்பத்தியாளரின் பெயர் இல்லை. இறக்குமதி செய்தவரின் பெயர் இருக்கும், கடைக்காரரின் பெயர் இருக்கும். அமெரிக்காவில் சியர்ஸ் கடை "ஜே.சி. ஹிகின்ஸ் 80" என்று விற்ற .22 பிஸ்டலைச் செய்தது ஹை ஸ்டாண்டர்ட் நிறுவனம். ஹிகின்ஸ் என்று தேடினால் நாள் முழுக்கத் தேடலாம். வால்தர் பிபியும் பிபிகேயும் போருக்குப் பிறகு பிரான்சில் மனுரின் தொழிற்சாலையிலும் வந்தன. அதே குடும்பத்துக்குள் இன்னொரு பொறி: பிபி மகசினில் 7.65 ரவை எட்டு, பிபிகேயில் ஏழு. நீளமான பிபி மகசின் பிபிகேக்குள் போய் அடியில் நீட்டிக்கொண்டு நிற்கும். குட்டையானது பிபிக்குள் போய்ப் பயன் இல்லை. பழைய ஸ்மித் அண்ட் வெசன் 59, 5906 வரிசைக்கும் இதே விதிதான். பெரியதன் மகசின் அதன் குட்டைத் தம்பி 6906இல் நீட்டிக்கொண்டு வேலை செய்யும், மறுபக்கம் சரிவராது. ஆர்ஜென்டினாவின் பலெஸ்டர்-மொலினா வேறு பெயர், வேறு நாடு, வேறு உள்ளமைப்பு. ஆனால் கோல்ட் 1911 மகசினை அப்படியே எடுத்துக்கொள்ளும். நல்ல மனம் உள்ள பிஸ்டல்.

ஸ்டார் அப்படி இல்லை. வெளியே 1911 வேடம் போட்டிருந்தாலும், 9 மி.மீ.க்குச் செய்த 1911 மகசினை அதற்குள் தள்ளிப் பார்க்க வேண்டாம். ஸ்டாருக்கு ஸ்டார்தான். மொடல் பி, சூப்பர் பி இரண்டும் முழு அளவு. பிஎம் என்பது குறுகிய கைப்பிடி உள்ளது, அதன் மகசின் குட்டை. விளம்பரத்தில் "ஸ்டார் 9 மி.மீ." என்று இருந்தால் பி என்று எண்ணிப் பிஎம் வாங்கி ஏமாந்தவர்கள் பலர். எய்பாரில் இருந்த அந்த நிறுவனம் 1997இல் மூடிவிட்டது, அயலில் இருந்த அஸ்த்ராவும் அதே வருடம் போயிற்று. ஆகவே தொழிற்சாலையில் கேட்பது என்ற பேச்சே இல்லை. ஆனாலும் மச்சான் பயப்பட வேண்டியதில்லை. பொலிஸ், இராணுவக் கையிருப்பிலிருந்து ஸ்டார் பிஸ்டல்கள் ஏராளமாக வட அமெரிக்கச் சந்தைக்குப் போனவை. அவற்றோடு மகசினும் போயிருக்கிறது.

எங்கே தேடுவது? மூன்று வகை. ஒன்று, அசல் பழையது. பழைய துப்பாக்கிப் பாகங்களை மட்டும் விற்கிற பெரிய கடைகள் உண்டு. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்து நம்ரிச் அப்படிப் பெயர் போனது. சேகரிப்பாளர் கண்காட்சிகளும், உரிமம் பெற்ற ஏல நிறுவனங்களும் அதற்கு அடுத்தது. இரண்டு, புதிதாகச் செய்த நல்ல மகசின். இத்தாலியின் மெக்-கார், பல தொழிற்சாலைகளுக்கே மகசின் செய்து கொடுக்கிறவர்கள். வால்தர் பிபி, பி38, பிரவுனிங் ஹை-பவர் மாதிரிக் கேள்வி அதிகம் உள்ளவற்றுக்கு நான் அசலை விட இதைத்தான் சுடுவதற்குச் சிபாரிசு செய்வேன். அசலை அலுமாரியில் வைக்கட்டும். மூன்று, யாரும் கவனிக்காத அபூர்வ மொடல்களுக்குச் செய்கிற போலி. கெட்ட போலி என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை, மறுபிரதி. கலிபோர்னியாவில் ட்ரிபிள் கே இதில் நெடுங்காலமாக இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் நின்றுபோன பிஸ்டல்களுக்கெல்லாம் அச்சு வைத்திருப்பார்கள். இவ்வகை மகசினை வாங்கும்போது கைப்பொருத்தம் கொஞ்சம் தேவைப்படலாம் என்று எதிர்பார்க்க வேண்டும். ரூபி கதையைக் கேட்டவருக்கு ஏன் என்று விளங்கும்: பிஸ்டலே ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும்போது ஒரு அச்சு எல்லாவற்றுக்கும் எப்படிச் சரிவரும்?

விற்பவரிடம் படம் கேட்டால் எல்லாரும் பக்கவாட்டுப் படம் ஒன்றை அனுப்புவார்கள். அது போதாது. உதட்டை மேலிருந்து எடுத்த படம், பின்முதுகு, அடித்தட்டு, கொளுக்கிப் பள்ளம், அளவுகோல் பக்கத்தில் வைத்த படம் இவ்வளவும் வேண்டும். இரண்டு உதடும் ஒரே உயரத்தில், ஒரே வளைவில் இருக்க வேண்டும். ஒன்றில் வெடிப்போ, இடுக்கியின் பல் பட்ட தடமோ இருந்தால் யாரோ வளைத்துப் பார்த்திருக்கிறார்கள், தள்ளிவிடுங்கள். பக்கச் சுவரில் உட்குழிவு இருந்தால் உள்ளே ரவையைத் தூக்கிக் கொடுக்கிற ஏந்தி சிக்கும். மேலோட்டக் கறள் பரவாயில்லை, குழிவிழுந்த கறளுக்கு மேல் புது நீலப்பூச்சு இருந்தால் மறைக்கிறார்கள். மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி கறுப்பு என்று இரண்டு நிறமாக இருந்தால் அது பழுது அல்ல. பழைய கோல்ட் 1911 மகசின்களில் உதட்டை வன்மைப்படுத்தியதால் அந்தப் பகுதிக்கு நீலம் ஏறவில்லை. அதைத் தேய்த்து ஒரே நிறமாக்கி விலையைக் கெடுத்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும், நல்ல மனிதர்.

ஸ்பிரிங் பற்றி எல்லாரும் கேட்கிற ஒன்று: நிரப்பியே வைத்திருந்தால் தளர்ந்துவிடுமா? சரியாகச் செய்த ஸ்பிரிங்கைக் களைக்க வைப்பது அமுங்கி இருப்பதை விட அமுங்கி நிமிர்ந்து அமுங்கி நிமிர்வதுதான். பழைய மகசினில் ஸ்பிரிங் போய்விட்டது என்றால் மகசினையே எறியத் தேவையில்லை. அமெரிக்காவில் வுல்ஃப் என்கிற ஸ்பிரிங் நிறுவனம் பழைய பிஸ்டல்கள் பலவற்றுக்கும் தனி ஸ்பிரிங் விற்கிறது. உதடு நல்லது, சுவர் நேர் என்றால் மிச்சம் எல்லாம் மாற்றக்கூடியது. உதட்டை மட்டும் வீட்டில் வளைத்துத் திருத்தப் போகக் கூடாது. நான் இருபது வருடம் இரும்போடு வாழ்ந்தவன், நானே அதைச் செய்யத் தயங்குவேன்.

வந்து சேர்ந்த மகசினைச் சோதிப்பதற்கு ரவை தேவையில்லை. வெறுமையாகப் போடுங்கள், கொளுக்கி விழுகிற சத்தம் கேட்க வேண்டும். இழுத்துப் பாருங்கள், ஆடலாம், கழலக் கூடாது. சிலைடைப் பின்னால் இழுத்தால், கடைசி ரவைக்குப் பின் திறந்து நிற்கும் வகைப் பிஸ்டலில் ஏந்தி பிஸ்டலில் உள்ள நெம்பு ஒன்றைத் தூக்கிச் சிலைடை நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு வெடிக்காத பயிற்சி ரவை, அதற்குப் பிறகுதான் உரிமம் உள்ள சுடுதளம், அங்கேயும் முதலில் இரண்டு ரவை. ஹை-பவர் மாதிரிச் சில பிஸ்டல்கள் மகசின் உள்ளே இல்லாவிட்டால் விசையே வேலை செய்யாதபடி அமைந்தவை. பிஸ்டல் பழுது என்று நினைத்துக் கொண்டுவந்தவர்களிடம் மகசினை மட்டும் போட்டுக் காட்டி அனுப்பியிருக்கிறோம், கூலி வாங்க வெட்கமாக இருக்கும்.

கனடாச் சட்டத்தைப் பற்றி மச்சானுக்கு ஒரு வார்த்தை. அங்கே பிஸ்டல் மகசினுக்கு எல்லை பத்து ரவை. அதற்கு மேல் கொள்வது, பிஸ்டல் இல்லாமல் தனியே இருந்தாலும் தடைசெய்யப்பட்ட பொருள். ஸ்டார் பி மகசின் பத்துக்குள் அடங்குவதால் அதில் வில்லங்கம் இல்லை. மச்சான் இப்போது இருக்கிற ரொறன்ரோவிலேயே இரண்டாம் உலகப் போரில் ஜோன் இங்கிலிஸ் தொழிற்சாலை ஹை-பவர் பிஸ்டல் செய்தது, பிறகு அதே பெயரில் உடுப்புத் துவைக்கிற மெஷின் வந்தது. அந்தப் பிஸ்டலின் அசல் மகசின் பதின்மூன்று கொள்ளும், அங்கே சட்டப்படி வைத்திருக்கப் பத்துக்கு மேல் போகாதபடி ஆணியடித்து அடைத்திருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று அடைக்காத ஒன்றை ஆரும் நீட்டினால் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 2022 ஒக்டோபர் 21க்குப் பிறகு கைத்துப்பாக்கி வாங்குவது, விற்பது, கைமாற்றுவது அங்கே நிறுத்தப்பட்டுவிட்டதால், இந்த ஸ்டாரை விற்று மகசினோடு இன்னொன்று வாங்கலாம் என்ற குறுக்குவழியும் அடைபட்டுவிட்டது. அமெரிக்கக் கடையிலிருந்து நேரே வரவழைப்பதற்கு அந்த நாட்டின் ஏற்றுமதி விதி குறுக்கே நிற்கும். கனடாவுக்குள்ளேயே உரிமம் உள்ள விற்பனையாளரிடம் கேட்பது தலையிடி குறைந்தது.

ஆகவே மச்சானிடம் இன்று இரவு பேசும்போது இவ்வளவு மட்டும் கேளுங்கள். பிஸ்டலின் சட்டத்திலும் சிலைடிலும் உள்ள எல்லா எழுத்தும், பெயர் என்று அவர் நினைப்பதை மட்டுமல்ல, சின்ன முத்திரைகளையும் சேர்த்து; எய்பார்ச் சோதனைச்சாலை 1927இலிருந்து வருடத்துக்கு ஒரு எழுத்துக் குத்தியிருக்கிறது, அதை வைத்து வயதைச் சொல்லலாம். குழலின் அறையில் என்ன ரவை என்று திருத்துநர் சொன்னது. குழியின் நான்கு அளவு, மில்லிமீற்றரில். கைப்பிடியின் அடியிலிருந்து ஒரு படம், பக்கத்தில் அளவுகோலோடு. அவை வந்தால் எனக்கு எழுதுங்கள், பியா பிஎம்மா என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முதல், நாளைக் காலையிலேயே அந்தக் கோல்ட் மகசினை ஒப்படைத்துவிடுங்கள், தம்பி. பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது சேர்ட் பையில் வைத்துக்கொண்டு போகாமல், கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் கடதாசி உறையில் போட்டு, உறையின் மேல் என்னவென்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.